பனித்தட்டின் ஒரு சுற்று

முப்பத்தெட்டு வினாடி. கனடாவிலிருந்து என் மகள் அனுப்பிய வீடியோ அவ்வளவுதான். அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் வளைவில், அச்சில் வார்த்ததுபோல் ஒரு வட்டமான பனித்தட்டு மிதந்தபடி தானாகச் சுற்றுகிறது. யாரும் வெட்டியதல்ல. வளைவில் தண்ணீர் சுழலும்போது உறைந்த பனியும் கூடவே சுழன்று, கரையோரப் பனியில் உரசி உரசி வட்டமாகிவிடுமாம். குறுக்களவு இருபதடி இருக்கலாம் என்று எழுதியிருந்தாள். இருக்கலாம் என்பதெல்லாம் ஓர் அளவா? அதைவிட எரிச்சல், கால் சுற்றுகூட ஆவதற்குள் வீடியோ முடிந்துவிட்டது.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நேரம் அளந்தவன் நான். ஸ்டாப்வாட்ச்சோடு லைனில் நின்று, ஒரு வேலை ஒரு முறை முடிய எத்தனை வினாடி ஆகிறது என்று குறிப்பேன். பத்து முறை அளக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

அதே லைனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பரிடம், வல்லம் வடகால் டீக்கடையில் வீடியோவைக் காட்டினேன்.

“இன்னாய்யா, கிராபிக்ஸா? அடியில மோட்டார் வெச்சிருப்பான்.”

“என் பொண்ணு எடுத்ததுய்யா.”

“சரி, முழு சுத்து எங்க? பாதி வேலையப் பாத்துட்டு என்னிக்காவது கையெழுத்து போட்டுகீறியா நீ?”

இருபத்திரண்டு வருடம் நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. முழுச் சுற்றை இவர் கண்முன் அளந்து காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சுற்றுகிற எதையும் அளக்குமுன் அதில் சாக்பீஸால் கோடு போடுவது லைனில் வழக்கம். மகளைக் கூப்பிட்டு, தட்டின்மேல் அடையாளத்துக்கு எதையாவது எறிந்துவிட்டு வீடியோ காலில் வரச் சொன்னேன்.

“காலைல வேலைக்குப் போணும்ப்பா.”

“ஒரே ஒரு சுத்தும்மா.”

மறுநாள் மாலை ஆறரை மணி. அங்கே காலை எட்டு. அதே டீக்கடையில், நண்பர் பக்கத்தில் இருக்க, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். மகள் ஒரு சிவப்பு டிபன் மூடியை வீசினாள். அது தட்டின் ஓரத்தில் விழுந்ததும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன்.

நாலாவது நிமிடம் மூடி எதிர்க்கரைப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பிறகு அசையவே இல்லை.

“நின்னுடுச்சு!” என்று கத்தினேன்.

“அது நிக்கல, உன் நெட்டு நின்னுகீது” என்றார் நண்பர்.

படம் திரும்ப வந்தபோது மூடி வேறெங்கோ இருந்தது. ஆறு நிமிடம் வீண். மறுபடி முதலிலிருந்து என்றேன். “சரிப்பா” என்றாள் மகள்.

இரண்டாம் முறை மூடி முக்கால் வட்டம் வந்திருந்தது. படம் ஆடத் தொடங்கியது.

“கைய ஆட்டாதம்மா! மூடி தெரியல!”

“ஆட்டலப்பா.”

“ஆடுதே! கொஞ்ச நேரம் நேரா புடி!”

நண்பர் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போனருகே குனிந்தார். “யோவ், அது குளிர்ல நடுங்கினு கீதுய்யா. கைக்கு உறை போடலியாம்மா?”

“போட்டா போன் வழுக்குது மாமா.”

“கட் பண்ணிட்டு உள்ள போ தாயி.”

சொன்னது அவர். நான் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் அணைந்ததும், “இன்னும் கால் சுத்துதான் பாக்கி, கெடுத்துட்டியே” என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் சாலையில் போகும் ஷிப்ட் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மகளிடமிருந்து செய்தி வந்தது. குளிர் கூடி, தட்டு கரைப் பனியோடு ஒட்டிக்கொண்டதாம். சுற்றவில்லை. மூடி அதன்மேலேயே கிடக்கிறது. விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரெண்டு விரல் நுனி மரத்துப்போயிருந்தது, இப்போது பரவாயில்லை என்றாள். அவள் சொன்னதை எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை.

நோட்டை எடுத்தேன். ‘ஒரு சுற்று’ என்று எழுதி வைத்த இடத்தில் போட என்னிடம் எண் இல்லை. முதல் முறை ஆறு நிமிடம், இரண்டாம் முறை ஐந்தே முக்கால். கூட்டினால் பதினொன்றே முக்கால் நிமிடம். அவ்வளவு நேரம் அவள் கையுறை இல்லாமல் நின்றிருக்கிறாள். அதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.