மத்தியானத்து இடுப்பு

அக்காவை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் 'மீடியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஒரு துணிக் கம்பெனி. தையல் மெஷினில் குனிந்திருந்தவளை ஒருநாள், வெட்டுக்கு அளவு வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர் எழுப்பி நிறுத்தி, டேப் வைத்து அளந்தார். தோள், மார்பு, இடுப்பு எல்லாமே அட்டவணையில் மீடியத்துக்குப் போட்டிருந்த அளவுக்கு அச்சு அசலாக இருந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு புது மாதிரியையும் முதலில் அவள்தான் போட்டுப் பார்க்கிறாள். அவள் உடம்பில் சரியாக உட்கார்ந்த பிறகே அது ஆயிரக்கணக்கில் தையலுக்குப் போகும்.

"நான் பார்க்காத தெருவுலல்லாம் என் உடம்பு நடந்துட்டிருக்குடி" என்பாள் என்னிடம்.

அந்த உடம்பில் வயிறு மட்டும் இரண்டு வருடமாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காலையில் பலகை மாதிரி இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுச் சற்று நேரத்தில், உள்ளேயிருந்து யாரோ மெல்ல ஊதுவதுபோல மேலெழும். சாயங்காலம் தட்டினால் டம்மென்று சத்தம் வரும். விடிந்ததும் நடக்கிறாள், நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், எண்ணெய்ப் பண்டம் தொடுவதில்லை, டீயையும் விட்டாயிற்று. வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தானே. போனில் தேடிப் படித்து ஒரு மாதம் அவளுக்குப் பாலை நிறுத்தினேன், அடுத்த மாதம் கோதுமையை. வயிறு என் பட்டத்தை மதிக்கவில்லை.

ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் ஆயிற்று. டாக்டர் சிரித்தபடி, ஒன்றுமே இல்லையம்மா என்றார். படியிறங்கும்போது அக்கா சொன்னாள்: "ஒண்ணும் இல்லாததே இவ்ளோ பெருசு. ஏதாவது இருந்திருந்தா நான் வாசல்ல நுழைஞ்சிருக்கவே முடியாது."

பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி என்று எழுந்து இடம் கொடுப்பவர்களை அவள் திருத்துவதில்லை. உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

கம்பெனியில் மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுபடி மெஷின்தான், மறுபடி முதுகுவலிதான். ஏதாவது சாக்குச் சொல்லி, போட்டுப் பார்க்கும் வேலையை எல்லாம் காலையிலேயே முடித்துவிடுவாள்.

ஒருநாள் துணி வர நேரமாகிவிட்டது. மாஸ்டர் கூப்பிட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. பேண்ட்டின் பட்டன் பூட்டவில்லை. மாஸ்டர், துணி வெட்டும் கட்டர்மேல் பாய்ந்தார். அளவுப்படிதான் வெட்டினேன் என்று அந்த மனிதர் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப டேப் பொய் சொல்லுதா? நாளைலருந்து நீ பண்டல் கட்டப் போயிடு."

இஸ்திரிப் பெட்டிகளின் ஆவியில் எதிர்க் கண்ணாடி மங்கியிருந்ததாம். அதில் தன் உருவம் விளிம்பில்லாமல், தரையை விட்டு மிதப்பதுபோல் தெரிந்தது என்று அக்கா பிறகு சொன்னாள். கட்டர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"பேட்டர்ன் சரிதான் மாஸ்டர்" என்றாள். "மத்தியானத்துக்கு மேல நான் மீடியம் இல்ல."

மாஸ்டர் அளந்தார். நாலு விரற்கடை கூடுதல். டேப்பை மெதுவாகச் சுருட்டினார். மெஷினுக்குப் போ என்ற சொல்லுக்காக அக்கா காத்து நின்றாள்.

"வலிக்குதாம்மா?"

"வலி இல்ல. இறுக்கம்தான். பட்டனைக் கழட்டிட்டா நல்லாருக்கும்."

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "எங்க வீட்லயும் வேலை விட்டு வந்ததும் முதல்ல இடுப்பைத்தான் தளர்த்துறா. நான் அவ சாப்பாட்டு மேல பழி போட்டுட்டிருந்தேன்."

கட்டரைப் பார்க்காமலே, கத்தரியை எடுக்கச் சொன்னார். பிறகு அக்காவிடம், "இனிமே ரெண்டு தடவை போட்டுப் பாரு. காலைல ஒண்ணு, இப்ப ஒண்ணு" என்றார்.

அந்த பேண்ட்டில் இப்போது பின்னிடுப்பில், வெளியே தெரியாமல், எலாஸ்டிக் இருக்கிறது. அக்காவின் வயிறு இன்னமும் தினமும் எழுகிறது. நேற்றுச் சாயங்காலம் ஜன்னலோரம் மல்லாந்து படுத்திருந்தாள். மூச்சுக்கு மூச்சு அது படகு மாதிரி ஏறி இறங்கியது. வேறொரு டாக்டரைப் பார்க்கலாமா என்றேன். பார்க்கலாம் என்றாள்.

"ஆனா காரணம் உனக்குத்தான்டி அவசரமா வேணும். எனக்கு எலாஸ்டிக் கிடைச்சிடுச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்நேரம் எங்கேயோ ஒரு தெருவில், தன் அளவில் தைத்த அந்த பேண்ட்டோடு ஒருத்தி வேலை முடிந்து நடந்து போகிறாள் என்றாள். இடுப்பில் கை வைக்காமல், கைவீசிப் போகிறாளாம்.