காதக்காவும் பொய் சொன்ன கோடும்

படகுத்துறைப் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் காதக்கா. படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பக்கம் தலையைச் சாய்த்து, "நாலுல ஒண்ணு வேலை செய்யலையே" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நாலில் ஒன்று செத்துக் கிடந்தது; சிரிப்பு நின்றது. அன்று பட்டறைக்குள் வைத்த காலை இருபது வருஷமாக அவள் வெளியே எடுக்கவில்லை. படகுக்குள்ளேயே பொருத்திய பழைய பெட்ரோல் எஞ்சின் என்றால் அடுத்த துறைகளில் இருந்தும் அவளைத் தேடி வருவார்கள். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை இம்மி இம்மியாகத் திருப்பி, சத்தம் சீராகும் இடத்தில் நட்டை இறுக்குவாள். பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று பார்க்க அவளுக்கு வேறு கருவி தேவைப்பட்டதில்லை.

போன வருஷம் அவளுடைய இடது காது போய்விட்டது. கணவனுக்கு மட்டும் தெரியும். "வெளியில மூச்சு விட்டுடாதீங்க" என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். காது போன காதக்காவிடம் யார் எஞ்சினைக் கொடுப்பார்கள்?

இப்படி ஒரு வருஷம் ஓடிய பிறகு வந்து சேர்ந்தார் லாஞ்ச் முதலாளி. அக்கரைக்கு ஆள் ஏற்றும் பழைய லாஞ்ச் அவருடையது. மனிதர் எதையும் புத்தகப்படி செய்கிறவர். காதக்கா டைமிங் வைத்துக் கொடுத்ததும், பையில் இருந்து புத்தம்புது டைமிங் லைட்டை எடுத்தார். பொறி விழும்போதெல்லாம் பளிச்சென்று மின்னும் விளக்கு அது. எஞ்சினுக்கு முன்னால் சுற்றும் புல்லியில் ஒரு கோடு வெட்டியிருக்கும். விளக்கு மின்னும்போது அது, பக்கத்தில் பூஜ்யத்தில் தொடங்கும் அளவுப் பட்டையில், எட்டு என்ற எண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். இருபத்தைந்தில் நின்றது.

"பொறி இவ்வளவு முன்னாடியே விழுந்தா பிஸ்டன் ஓட்டையாயிடும்மா. ஆள் ஏத்துற படகு. நடு ஆத்துல நின்னா யாரு பதில் சொல்றது? உங்க காதை நம்பி..."

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

மற்ற நாளாக இருந்தால் "யார் காதுல பூ சுத்துறீங்க சார்?" என்று ஒரு பிடி பிடித்திருப்பாள். இன்று அவளுக்கே சந்தேகம். ஒற்றைக் காது ஏமாற்றிவிட்டதோ? நட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, கோட்டை எட்டுக்குக் கொண்டுவந்தாள். ஓட்டிப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள்.

பாதி ஆறுகூடத் தாண்டவில்லை. எவ்வளவு முடுக்கியும் லாஞ்ச் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

"எஞ்சினே போச்சு. மாத்திட வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல சார். பொறி லேட்டா விழுது."

"அப்போ லைட் பொய் சொல்லுதா?"

"லைட் சொல்லாது. கோடு சொல்லலாம்ல?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே தைரியம் வந்தது.

மெல்லக் கரை சேர்ந்து, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தாள். பேட்டரி ஒயரையும் பிளக்குகளையும் கழற்றினாள். முதல் பிளக் ஓட்டையில் முனை மழுங்கிய நீள போல்ட் ஒன்றைத் திருகி இறக்கினாள். புல்லியைக் கையால் திருப்ப, மேலே ஏறிய பிஸ்டன் போல்ட்டில் முட்டி நின்றது. பட்டையின் பூஜ்யத்துக்கு நேரே புல்லியில் சாக்பீஸால் ஒரு கீற்று. எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி முட்டியதும் இன்னொரு கீற்று. இரண்டுக்கும் நட்டநடுதான் பிஸ்டனின் உச்சி. இதற்குக் காதும் வேண்டாம், லைட்டும் வேண்டாம்.

வெட்டிய கோடு அங்கே இருந்திருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு விரல்கடை தள்ளி இருந்தது.

"பாத்துக்கங்க. இந்தப் புல்லி ஒரே துண்டு இல்ல சார். உள்ள அச்சுல மாட்டுற ஒரு குடம், வெளிய ஒரு வளையம், நடுவுல ரப்பர். ரப்பர் நைஞ்சு வளையம் நழுவிடுச்சு, கோடும் கூடவே போயிடுச்சு. மாத்த வேண்டியது புல்லியை."

மூலையில் கிடந்த பழைய எஞ்சினில் இருந்து நல்ல புல்லி ஒன்றை எடுத்து மாட்டினாள். ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடி, வலது காதைச் சாய்த்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினாள். சத்தம் சீரான இடத்தில் நட்டை இறுக்கிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

முதலாளி லைட்டை அடித்தார். எட்டு. நம்பாமல் குனிந்து இன்னொரு தரம் அடித்தார். எட்டேதான். பிரஷ்ஷும் கையுமாக வந்து நின்ற கணவன், தானே எஞ்சினைச் சரிசெய்தவன் மாதிரி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான்.

முதலாளி அவளுடைய இடப்பக்கம் வந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. ஒரு வருஷமாக இந்த மாதிரி நேரங்களில் தலையை ஆட்டிச் சமாளித்து வந்தவள், இன்று ஆட்டவில்லை.

"எனக்கு அந்தக் காது கேக்காது சார்" என்றாள், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. "போன வருஷமே போயிடுச்சு. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

முதலாளி எஞ்சினைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, முதலில் இருந்து சொன்னார்.