சூடு காட்டாத சாக்கே

மூடியைத் திறந்து ஊற்றியதும் அந்த ஜப்பான்காரர் குடிக்கவில்லை. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார், பிறகு மெல்ல மேசையில் வைத்துவிட்டார்.

லண்டனில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் நான் சரக்கறை பார்த்த காலம். மேனேஜர் எங்கள் யாழ்ப்பாணத்து அண்ணை. அரிசி மதுவான சாக்கேயில் ஒரு துளி விழுங்கமாட்டார். ஆனால் நாக்கில் வைத்துத் துப்பியே அது எந்தப் பக்கத்துச் சரக்கென்று சொல்லிவிடுவார். "அரிசியும் தண்ணியும் ஊரைக் காட்டிக்குடுத்திடும்" என்பார். பனிமலை அடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றின் சாக்கேயில் அவருக்கு உயிர். உருகிய பனித்தண்ணீரில் ஊறிய அரிசி. அவ்வூர் உப்பு மீனுக்குத் தோதாக இனிப்பில்லாத ருசி. கெடாமலிருக்கச் சூடு காட்டும் வழக்கம் இல்லாத பச்சைச் சரக்கு, குளிரில் இருந்தால்தான் நிலைக்கும். அதனால் அதை வடிக்கிற ஜப்பான்காரர் ஊரைவிட்டு வெளியே விற்பதில்லை. அண்ணை இரண்டு வருடம் கடிதம் எழுதி இரண்டு பெட்டி வரவழைத்தார். பராமரிப்பைப் பார்க்க அந்த மனிதரே வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் லண்டன் விற்பனை அண்ணைக்கு. அதை வைத்து ஈஸ்ட் ஹாமில் சொந்தக் கடை.

அவர் வருவதற்கு முந்தைய வாரம் ஒரு பெரிய விருந்து ஓர்டர். குளிர் அறையில் மீனுக்கு இடம் போதவில்லை. நான் அந்த இரண்டு பெட்டிகளையும் தூக்கிக் கொதிகலன் பக்கத்தில் வைத்தேன். சாராயம் கெட்டுப்போகுமா என்ன என்று அப்போது நினைத்தேன். எங்கள் வீட்டு அலுமாரியில் மாமாவின் சாராயப் போத்தல் வருடக்கணக்காக அப்படியே இருந்தது. நாலாம் நாள் பெட்டிகளைத் திரும்ப உள்ளே வைத்தேன். அண்ணையிடம் சொல்லத் தோன்றவில்லை.

"இதைப் பாதுகாத்து வைத்தது யார்?" என்று ஜப்பான்காரர் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "நான்தான்" என்றார் அண்ணை. வந்தவர் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார். பிறகு எந்தக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

அண்ணை கடை திறக்கவேயில்லை. இப்போது கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். அவர் விலகியதும் அவருடைய மேனேஜர் வேலை எனக்குக் கிடைத்தது. போன மாதம் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் அவரைக் கண்டபோது, வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஓம், அண்டைக்கே தெரியும்" என்றார். "குளிர் அறைப் பூட்டின்ரை திறப்பு எங்கள் ரெண்டு பேரிட்டை மட்டும்தானே இருந்தது. அந்த மனுசன் கேக்கேக்கை நான் உன்னைப் பாத்தது காட்டிக்குடுக்க இல்லை. நீயே சொல்லுவாய் எண்டு நினைச்சன்."