மறுநாள் ஒழுகும் சுவர்

மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது அவள் வேலை. ஏணியைப் பிடித்துக்கொள்வது அவள் புருஷன் வேலை. கல்யாணமான புதுசிலிருந்தே பாகப்பிரிவினை இப்படித்தான். இதில் இரண்டு பேருக்கும் வருத்தம் இருந்ததில்லை, அல்லது இருந்ததை இரண்டு பேரும் வெளியே சொன்னதில்லை.

அன்றைக்கும் தொட்டிக்குள் குந்தி உட்கார்ந்து தேங்காய் நார் வைத்துப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை தேய்த்ததே தவிர மனசு பள்ளிவாசல் சுவரிலேயே இருந்தது. கீழே ஏணியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி புருஷன் நின்றார். ஊரே அவரை மேஸ்திரி என்று கூப்பிடும். கூரை ஒழுக்கு அடைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். ஆனால் மூன்றாம் படிக்கு மேல் அவருக்கு உலகம் சுற்றும்.

இது தெரியவந்தது கல்யாணமான இரண்டாம் மாதம். அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனவள், தேவாலயத்துச் சுவரில் சாய்த்த ஏணியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். "இறங்குங்க" என்றாள். "எப்படி?" என்றார். ஒவ்வொரு காலாகப் பிடித்து இறக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டியும் சுண்ணாம்புச் சட்டியுமாக அவளே ஏறினாள். "எங்கேங்க பூசணும்?" என்று மேலிருந்து கேட்டாள். அவர் கீழிருந்து சொன்னார். முதல் ஐந்து வருஷம் அவர் சொன்ன இடத்தில் பூசினாள். அதற்கப்புறம் அவர் சொல்வதும் நின்றுபோனது. ஆனாலும் அவர் மேஸ்திரி, அவள் மேஸ்திரி வீட்டம்மா. ரசீது எழுதுவதும் அவள்தான். கீழே அவர் பேரைப் போட்டு, பக்கத்தில் 'மேஸ்திரி' என்று எழுதுவாள்.

அந்தத் தெருவில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், யூதர்களின் ஜெபாலயம் என்று நாலும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய வியாபாரிகள் இடம் போதாமல் சுவரோடு சுவராகக் கட்டியவை. தெருவிலிருந்து பார்த்தால் நாலும் நாலு மாதிரி. அவளுக்கு அவற்றின் உச்சந்தலைதான் பழக்கம். கோபுரத்துப் பொம்மைகளுக்கு முன்பக்கம்தான் நகையும் சிரிப்பும், முதுகுப்பக்கம் வெறும் காரை என்பது அவளுக்குத் தெரியும். பள்ளிவாசல் குவிமாடத்தின் நிழலில் ஒரு சாம்பல் பூனை வருஷா வருஷம் குட்டி போடுவதும், மணிக்கூண்டில் எந்த விரிசல் பழசு, எது புதுசு என்பதும் தெரியும். மேலே போனால் நாலுக்கும் ஒரே மூலையில்தான் பாசி பிடிக்கும். நாலு கூரையிலும் செருப்பில்லாமல்தான் நடப்பாள். "என்ன பக்தி!" என்று ஒரு தடவை பாதிரியார் மெச்சிக்கொண்டார். "வழுக்கும் சாமி" என்றாள்.

இப்போது பிரச்சினை பள்ளிவாசலில். தொழுகைக் கூடத்தில் தேவாலயத்தை ஒட்டிய சுவரில் ஒரு ஈரத் திட்டு. இருபது வருஷத்துக்கு மேலாக, முதலில் தட்டு அகலம், போன வருஷம் ஜன்னல் அகலம், இந்த வருஷம் கதவு அகலம் என்று வளர்ந்துகொண்டே வந்தது. எத்தனையோ தடவை பூசியாயிற்று. பூசின இடம் காய்ந்தால் பக்கத்து இடம் நனையும். போன வாரம் நகரசபைப் பொறியாளர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மழைக்கு மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் ஒழுக்கு எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் கூடத்தைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

நேற்று எல்லாரும் கூடினார்கள். பள்ளிவாசல் செயலாளர் தேவாலயத்துக் கூரைக் கால்வாயைக் காட்டினார். பாதிரியார் பள்ளிவாசலின் கைகால் கழுவும் தொட்டியைக் காட்டினார். நாற்பது வருஷமாகக் குடை இரவல் வாங்கிப் பழகிய இரண்டு மனிதர்கள் 'நீங்கள்' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் பொறியாளர், "மேஸ்திரி என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் அண்ணாந்து பார்த்து, தொண்டையைக் கனைத்து, "தேவாலயத்துக் கால்வாய்தான் சார். சந்தேகமே இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தக் கால்வாயை உடைத்து எடுப்பது, கூரை ஓரத்தையும் அரையடி வெட்டுவது என்று முடிவானது. நாள்கூடக் குறித்தாயிற்று, வியாழக்கிழமை.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். அந்தச் சுவர் மழை பெய்யும்போது நனையாது. மழை நின்ற மறுநாள்தான் நனையும். அன்றைக்கே வந்தால் பக்கத்துத் தண்ணீர், மறுநாள் வந்தால் தூரத்துத் தண்ணீர். இது அவள் தொழிலின் அரிச்சுவடி. தேவாலயத்துக் கால்வாய் கைக்கெட்டும் தூரம். அங்கேயிருந்து வருவதற்கு ஒரு நாள் எதற்கு?

"முடிஞ்சுதா? வாயை மூடிட்டு இறங்கு" என்றார் கீழே இருந்து.

"எந்த வாயை?"

"தொட்டி வாயைத்தான். உன் வாயை யாரால மூட முடியும்?"

அவள் சிரித்தாள். சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். தொட்டிக்கு இரண்டு வாய். மேலே மூடி போடும் வாய் ஒன்று, பக்கத்தில் தண்ணீர் வந்து விழும் குழாயின் வாய் ஒன்று. 'ரெண்டு வாயையும் மூடிட்டேன்.' இதே குரலில், இதே ஆள், எப்போதோ சொன்னது.

ஆஸ்பத்திரியில் சொன்னது. மகள் பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அவளில்லாமல் அவர் தனியாகச் செய்த ஒரே வேலை அந்த வாரம்தான் நடந்தது. பள்ளிவாசல் முற்றத்தின் மூலையில் பழைய மழைத்தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு ஆடு விழுந்துவிட்டதால் வாயை மூடச் சொல்லியிருந்தார்கள். தரையில் வேலை, ஏற வேண்டியதில்லை. முடித்துவிட்டு வந்து, "ரெண்டு வாயையும் மூடிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். பாலுக்கு அழும் குழந்தையையும் பசிக்குப் புலம்பும் தன்னையும்தான் கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்திருந்தாள். அந்த மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது.

நாரைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

"ஏங்க, பள்ளிவாசல் தொட்டியில ரெண்டு வாய் மூடினீங்களே, என்ன ரெண்டு?"

"என்னமோ இப்பக் கேக்குறே. ஒண்ணு மேல் வாய். இன்னொண்ணு உள்பக்கம் ஒரு மண்குழாய், பானை வாய் மாதிரி. பூச்சிபொட்டு வரும்னு சிமெண்டு வச்சு அடைச்சேன்."

"அதுல தண்ணி வந்துச்சா?"

"காஞ்சு கெடந்துச்சு. செத்த குழாய்."

"நீங்க பார்த்தது கோடைகாலம்."

அவருக்குப் புரிய ஆரம்பித்தது. முகம் மாறியது. "இந்தா பாரு. நாலு பேர் நடுவுல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். நீ அதுல போய் மண்ணைப் போடாதே. என் பேர் இருக்கு."

"பேர் இருக்கும். அவங்க கூரை இருக்காதே."

"பேசாம இரு."

பேசாமல்தான் போனாள். நேரே ஜெபாலயத்துக்கு.

ஜெபாலயத்தின் சாவி ஓய்வுபெற்ற ஒரு டீச்சரிடம் இருந்தது. கும்பிட வருகிறவர்கள் இப்போது ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அதனால் டீச்சரே சாவி, டீச்சரே விளக்கு, டீச்சரே விளக்குமாறு. தெருவில் அவருக்குச் சாவி டீச்சர் என்று பேர்.

"டீச்சர், உங்க மாடி மூலையில ஒரு ஓட்டை தண்ணியைக் குடிக்குதே, அது எங்கே போகுது?"

"அதை நீதான் எனக்குச் சொல்லணும். மேலே போறவ நீ."

பின்பக்கச் சாக்கடைக்குப் போகிறது என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இரண்டு பேருமாகப் பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். அங்கே எந்தக் குழாயும் வந்து விழவில்லை. அவளுக்கு மெல்ல மெல்லப் படம் விரிந்தது. அந்தக் காலத்தில் நாலு கூரைத் தண்ணீரும் சுவருக்குள்ளேயே ஓடி அந்த ஒரே தொட்டியில்தான் விழுந்திருக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் பிற்பாடு தனித்தனியாக இரும்புக் குழாய் மாட்டிக்கொண்டார்கள். ஜெபாலயத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அதன் தண்ணீர் பழைய வழியிலேயே தேவாலயத்தைக் கடந்து வந்து, வாய் அடைபட்டு, சுவரைக் குடைகிறது.

"போன தண்ணி எங்கேயாவது வந்துதானே ஆகணும் டீச்சர்?"

"வெளிநாடு போன பிள்ளைங்களைப் பத்தியும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் டீச்சர். "சரி, என்ன செய்யணும்?"

துணிக்குப் போடும் நீலம் பத்துப் பொட்டலம் வாங்கிவந்தாள். புதன்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் குழாயடியில் டீச்சர் வாளியை நிரப்ப, இவள் நீலத்தைக் கரைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் ஊற்றினாள். நாற்பது வாளி. ஓட்டை குடித்துக்கொண்டே இருந்தது. மாலையில் பொறியாளரைத் தேடிப் போய், "நாளைக்கு உடைக்கிறதுக்கு முந்தி ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துட்டு இருங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

"மேஸ்திரி சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத் தொழுகைக் கூடத்தில் எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். வெளியே தேவாலயத்துக் கால்வாயை உடைக்கச் சம்மட்டியோடு இரண்டு ஆட்கள் காத்திருந்தார்கள். சுவர் சும்மா இருந்தது.

"ஜெபாலயத்துல ஊத்தின தண்ணி இங்கே வருமாம்" என்று கோயில் பூசாரி யாரையும் பார்க்காமல் சொன்னார். "நடுவுல தேவாலயம் இருக்கே, அனுமதி வாங்கிட்டுத்தான் வருமோ?"

ஒன்பதே முக்கால். அவள் விரல்களெல்லாம் நீலம். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். புருஷன் அவள் காதருகே வந்து, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லிடு" என்றார். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, ஆட்களை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்கிறது?" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அது நடந்து வருது சார். ஓடி வரல."

பத்தைத் தாண்டிய பிறகு திட்டின் நடுவில் ஒரு இடம் பளபளத்தது. வியர்வை மாதிரி ஒரு பொட்டுத் துளிர்த்தது. பாதிரியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். செயலாளர் விரலால் தொட்டார். விரலை வெளிச்சத்தில் காட்டினார்.

நீலம்.

அடுத்த துளி, அதற்கடுத்த துளி, பிறகு ஒரு கோடு. சுவரில் யாரோ பேனாவால் கிழித்த மாதிரி இறங்கிவந்தது. "என் வெள்ளை வேட்டிக்குப் போடற நீலம்யா இது!" என்று பூசாரி கத்தினார். சாவி டீச்சர் கையைத் தட்டினார், வகுப்பில் சரியான விடை சொன்ன பிள்ளைக்குத் தட்டுவது போல. பாதிரியார் செயலாளரைப் பார்த்தார். "உன் குடை இன்னும் எங்கிட்டதான் இருக்கு" என்றார். "தெரியும், அதான் நனைஞ்சுட்டே திரியறேன்" என்றார் செயலாளர்.

அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. உளியை எடுத்துக்கொண்டு முற்றத்து மூலைக்குப் போனாள். சம்மட்டி ஆட்கள் தொட்டி வாயை மூடியிருந்த பலகைக் கல்லை நெம்பினார்கள். உள்ளே இறங்கி, சிமெண்டு அடைப்பில் உளியை வைத்து நாலு போடு போட்டாள். ஐந்தாவது போடுக்கு அடைப்பு பிளந்தது. இருபத்திரண்டு வருஷமாக அடைபட்டுக் கிடந்த பாதையில் நீலத் தண்ணீர் குபுகுபுவென்று அவள் முழங்காலில் கொட்டியது. மேலே நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆ!" என்றார்கள். நாலு வாசலிலும் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

ஈரச் சேலையோடு மேலே ஏறிவந்தாள். பொறியாளர் கேட்டார்: "இதை அடைச்சது யாரு?"

புருஷன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு வேலைதான் சார்" என்றாள். "நாங்க அடைச்சோம். நாங்களே திறந்துட்டோம். சுவரை நாங்களே காய வச்சுப் பூசியும் குடுத்துடுவோம்."

பொறியாளர் தலையாட்டிவிட்டுக் காகிதத்தை எடுத்தார். கூடத்தைப் பூட்ட வேண்டாம், கால்வாயை உடைக்க வேண்டாம் என்று எழுதினார். "கண்டுபிடிச்சவங்க கையெழுத்து வேணும்."

"மேஸ்திரிகிட்ட வாங்கிக்குங்க" என்றார் செயலாளர், வாய்ப் பழக்கத்தில். பொறியாளரின் பேனா புருஷனை நோக்கி நீண்டது. அவர் கையும் பழக்கத்தில் எழுந்தது.

"இங்கே குடுங்க சார்" என்றாள் அவள்.

பொறியாளர் பேனாவை அவள் பக்கம் திருப்பினார். முப்பது வருஷமாக மேலே ஏறினது யார் என்று கீழே நின்ற எல்லாருக்கும் தெரியும். கேட்கிற ஆள் இல்லாததால் சொல்லவில்லை, அவ்வளவுதான். தொட்டி விளிம்பில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் 'மேஸ்திரி' என்று எழுதினாள். கை தயங்கவே இல்லை. ஆயிரம் தடவை எழுதிப் பழகிய சொல்தான். அதற்கு முன்னால் இருந்த பேர்தான் புதுசு. காகிதத்தின் ஓரத்தில் ஒரு நீலக் கட்டைவிரலும் பதிந்துபோனது. பொறியாளர் அதையும் சேர்த்தே மடித்து வைத்துக்கொண்டார்.

"மேஸ்திரி" என்று பூசாரி கூப்பிட்டார். இரண்டு பேர் திரும்பினார்கள். பூசாரி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம மடப்பள்ளிக் கூரையையும் ஒரு பார்வை பார்த்துடுங்க." நேற்று வரைக்கும் 'பார்த்துடும்மா' என்றிருந்தவர்.

சாயங்காலம் வீட்டுக்கு மூன்று தடவை போன் வந்தது. மூன்று தடவையும் மகள்தான் எடுத்தாள். ஆபீசில் வேலை பார்ப்பவள், போனில் பேச அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மேஸ்திரியா? எந்த மேஸ்திரி வேணும்? ஏறுறவங்களா, பிடிக்கிறவங்களா?"

"ஏய், வாயை மூடு" என்றார் அப்பா.

"எந்த வாயை?" என்று கேட்டுவிட்டு, மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் போனோடு வாசலுக்கு ஓடிவிட்டாள்.

அறையில் இரண்டு பேர் மட்டும். அவள் மூலையில் உட்கார்ந்து வாளியில் ஒட்டியிருந்த நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த நீலம் போகவில்லை, அவளும் அதற்குப் பெரிதாக முயலவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் அவள் கையெழுத்து, அவர் பேர்.

"எங்க வீட்டு வேலைன்னு சொன்னியே. என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டாங்க. சொன்னேன். வீடுன்னா நீங்களும்தானே."

அவர் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"சரி. ஊரெல்லாம் இனிமே உன்னை மேஸ்திரின்னு கூப்பிடும். அப்ப என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

கேலியாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா என்று அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்டிருந்தார். வாளியைக் கவிழ்த்துவைத்தாள். கதவோரம் சாத்தியிருந்த ஏணியை ஒரு கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். விடியற்காலையில் மடப்பள்ளிக் கூரை, இப்போதே வாசலில் வைத்துவிட்டால் நல்லது. நிலையில் இடிக்காமல் ஏணியைச் சாய்த்து, கேள்வியை அவரிடமே விட்டுவிட்டு வெளியே போனாள்.