காலியாக இருந்த மெமரியும் என் தங்கை கல்யாணமும்

லைன் பிரின்டரிலிருந்து சூடாக வெளியே வரும் பேப்பருக்கு ஒரு வாசனை உண்டு... மையும் தூசியும் கலந்த வாசனை. எழுபதுகளில் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவன் நான். வெளியே உப்புக் காற்றும் புகையும். உள்ளே ஸ்வெட்டர் போடும் அளவுக்கு ஏசி. மிஷினுக்குத்தான் அந்த ஏசி, நமக்கு இல்லை!

அந்த ஒரே மிஷினை உள்ளுக்குள் பிரித்து, இரண்டு தனி மிஷின் மாதிரி ஓட்டலாம். ஒன்றில் ஸ்டோர்ஸ் வேலை, இன்னொன்றில் சம்பள வேலை. இரண்டும் மெமரிக்குள் அடங்கினால் போதும்.

இங்கேதான் தலைவலி. புரோகிராம் எழுதுகிறவர்கள், பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று தேவைக்கு மேல் மெமரி கேட்டு வைப்பார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு மூன்று சீட் பிடிப்போமே, அதேதான். வேலை முடிந்ததும் மிஷின் அச்சடிக்கும் ரிப்போர்ட்டில் கேட்ட அளவுதான் வரும். உண்மையில் அந்த வேலை எவ்வளவு இடத்தைத் தொட்டது என்று வரவே வராது.

எங்கள் மேனேஜருக்கு அந்த ரிப்போர்ட்தான் வேதவாக்கு. "மெமரி ஃபுல். இந்த மாசம் ஒண்ணு முடிஞ்சப்புறம்தான் இன்னொண்ணு" என்று ஆர்டர் போட்டுவிட்டார். இரண்டும் சேர்ந்து ஓடினால் சனிக்கிழமை சாயந்திரமே வீட்டுக்குப் போகலாம். தனித்தனியாக ஓட்டினால் ஞாயிறு முழுக்க ஆள் வேண்டும். அதுவும் இரண்டு பேர்... அது ரூல்.

அந்த ஞாயிறு ராயபுரம் சர்ச்சில் என் ஒரே தங்கை ரீட்டாவுக்குக் கல்யாணம்.

லீவு கேட்டேன். மாற்று ஆள் இல்லை என்றார்.

கூட வேலை பார்த்த குமாருக்கு என்னைவிடக் கோபம். "இன்னா மாமு இது பேஜாரு? பாதி மெமரி சும்மா கீது. ப்ரூஃபே காட்டலாம் வா" என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செய்தோம். மெமரி முழுக்க ஏழு என்ற எண்ணை நிரப்பிவிட்டு, ஸ்டோர்ஸ் வேலையை ஓட்டினோம். புரோகிராம் தொட்ட இடத்தில் ஏழு அழிந்திருக்கும். தொடாத இடத்தில் அப்படியே இருக்கும். முடிந்ததும் மெமரியில் இருந்ததைப் பேப்பரில் எடுத்தால்... பக்கம் பக்கமாக ஏழு! குமார் விசிலே அடித்துவிட்டான். நான் மனசுக்குள் கோட்டு போட்டு சர்ச் வாசலில் நின்றுவிட்டேன்.

மேனேஜர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இதெல்லாம் என்ன?"

"நாங்க போட்ட ஏழு சார். வேலை அந்த இடத்தைத் தொடவே இல்ல. எல்லாம் காலி சார்."

"ஏழு இருக்கே. அப்புறம் எப்படி காலி?"

எனக்குத் தலை சுற்றியது. திரும்பத் திரும்பச் சொன்னேன். குமார் பஸ், துண்டு எல்லாம் சொல்லிப் பார்த்தான்.

"துண்டு கிடந்தா அந்த சீட்டுல நீ போய் உக்காருவியா?" என்று கேட்டார். அதோடு கதை முடிந்தது.

வெளியே வந்ததும் குமார் சொன்னான், "இந்தாளாண்ட பேசிகினு இருந்தா நம்ம மூளதான் காலி நைனா."

ஞாயிற்றுக்கிழமை டேப் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. மிச்ச மெமரி சும்மா கிடந்தது. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

இப்போது ரீட்டாவின் பையன் பெரிய கம்பெனியில் சர்வர் பார்க்கிறான். ஒரு மிஷினுக்குள் பத்து இருபது மிஷினாம். கேட்டது எவ்வளவு, தொட்டது எவ்வளவு என்று ஸ்க்ரீனில் தனித்தனியாக, சிவப்பிலும் பச்சையிலும் வருகிறது. போன வாரம் போனில் ஒரே புலம்பல்.

"மாமா, மெமரி ஃபுல்லுன்னு மேனேஜர் கத்திகினு கீறாரு. பாதி சும்மாதான் கீது."

"பக்கத்துலயே இன்னொரு நம்பர் வருதேடா?"

"அவரு செவப்பா கீறத மட்டுந்தான் பாக்கறாரு."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

ரீட்டா வீட்டு ஹாலில் அந்தக் கல்யாண போட்டோ இன்னும் மாட்டியிருக்கிறது. அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருக்கும். "அண்ணன் வந்துடும், யாரும் அங்க நிக்காதீங்க" என்று ரீட்டாதான் பிடித்து வைத்தாளாம். போட்டோகாரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்துவிட்டார்.