அடுத்த வாரத்துத் தாள்கள்

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மடல் எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். யாரும் கேட்டு எழுதவில்லை. புந்தோங்கில் எங்கள் தெருமுனையில் புதிதாக வந்த நாசி லெமாக் சோற்றுக் கடை, அலுவலகத்தில் பழுதாகிக் கிடக்கும் லிஃப்ட், என் முழங்கால் வலி, இவ்வளவுதான் விஷயம். மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் போகிறது. வாசகர்கள் சில நூறு பேர். அவர்களில் பாதிப் பேர் மடலைத் திறந்தே பார்ப்பதில்லை என்பதைக் கணினி தயவுதாட்சண்யம் இல்லாமல் காட்டிக்கொடுத்துவிடும். "வேற வேல இல்லயா லா ஒனக்கு?" என்று என் அண்ணன் மாதம் ஒருமுறையாவது கேட்கிறார்.

போன வாரம் ஒரு வாசகி, எப்போதிலிருந்து இப்படித் தினம் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். மூன்று வருஷம் என்று பதில் எழுதிவிட்டு, பிறகு அழித்தேன். அது பொய். முதல் தினமடலை நான் பத்து வயதில் எழுதினேன். அதற்கு ஒரே ஒரு வாசகர்தான். அவர் அப்போது தஞ்சோங் ரம்புத்தானில் இருந்தார்.

பேராக் மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், பள்ளிக்கூடத்தில் யாரையாவது பைத்தியம் என்று திட்ட வேண்டுமானால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்வோம். நானும் தாராளமாகச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவை அங்கே சேர்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். கேட்டவர்களிடம் அவர் தையல் படிக்க ஈப்போவுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். ஐம்பது வயதுக்கு மேல் எதற்குத் தையல் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. பெரியப்பா இறந்தபின் எங்களோடுதான் இருந்தார். ரப்பர் தோட்டத்தில் இருபத்தைந்து வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்று, தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்து, நாங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த பிறகு அவருக்கு நாள், கிழமை எல்லாம் குழம்ப ஆரம்பித்தது. விடிவதற்கு முன் எழுந்து, பெரட்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார். தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அதற்குப் போகாவிட்டால் அன்றைய வேலை இல்லை. இரண்டு முறை அப்பா லோரியில் தேடிப்போய்ப் பெரிய சாலையில் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்றாம் முறை கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. அதோடு அவர் பேச்சும் நின்றுபோனது.

அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அப்படி ஒரு ஞாயிறு, முதல் தேதி, திரும்பி வந்ததும் அப்பாவிடம் சொன்னதை நான் சமையலறை வாசலில் நின்று கேட்டேன்.

"வீட்டுக்கு அனுப்பலாமான்னு டாக்டரு பாக்குறாருங்க. இன்னைக்கு என்னா தேதி, என்னா கெழமன்னு கேட்டா அக்கா வாயே தொறக்க மாட்டேங்குது. பதினெட்டாந் தேதி, பொதங்கெழம மறுபடியும் கேப்பாங்களாம். அன்னைக்கும் இப்படியே இருந்தா இப்போதைக்கு இல்லன்னுட்டாங்க."

சொல்லிவிட்டு அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பெரியம்மா வீட்டுக்கு வர தேதி தெரிய வேண்டும். தேதி தெரிய நாள்காட்டி வேண்டும். இத்தனை பெரியவர்கள் இருந்தும் இது ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று இருந்தது.

எங்கள் வீட்டில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் தினம் ஒரு தாள் கிழிக்கும் நாள்காட்டி தொங்கியது. காலையில் திருநீறு பூசியதும் முந்தின நாள் தாளைக் கிழிப்பது அப்பாவின் உரிமை. நாங்கள் தொட்டால் கத்துவார். வானொலி பொய் சொன்னாலும் அது சொல்லாது என்பது அவர் கட்சி. அன்று சாயங்காலமே நாற்காலி போட்டு ஏறி, மேல் தாள்களை மெல்லத் தூக்கி, அம்மா அடுத்துப் போகும் ஞாயிறு, எட்டாம் தேதித் தாளை உருவினேன். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வெறும் தேதியை அனுப்புவதற்கு ஒரு மாதிரியாக இருந்ததால் அங்கே அன்றைய வீட்டுச் செய்தியை எழுதினேன். திங்கட்கிழமை ஒன்பதாம் தேதித் தாள், செவ்வாய்க்கிழமை பத்தாம் தேதித் தாள். இப்படித் தினம் ஒன்று.

தினம் எழுதுவது எவ்வளவு சள்ளை பிடித்த வேலை என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு நாள் செய்தி கொட்டியது. தலைமையாசிரியர் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்தார். கோயிலுக்குப் பின்னால் மலைப்பாம்பு பிடித்தார்கள், அதன் நீளத்தை நான் இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதினேன். புதன்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை. தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் எனக்கு அப்படிப்பட்ட காலைகள் வருகின்றன. வந்தால் அன்றைக்குச் செய்ததையே செய்கிறேன், கையில் அகப்பட்டதை நாலு வரி எழுதி முடித்துவிடுகிறேன்.

ஏழு தாள்களையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, 'காலையில் ஒன்று மட்டும் பார்க்கவும். முன்கூட்டியே பார்த்தால் சாமி குத்தம்' என்று மேலே எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். ஏதோ படம் வரைந்திருக்கிறாள் என்று அம்மாவும் அந்த ஞாயிறு கொண்டுபோனார். வார்டு நர்ஸான தமிழ் மிஸி அதைப் படித்துச் சிரித்துவிட்டு, தினமும் காலையில் மருந்து கொடுக்கும்போது அன்றைய தாளை எடுத்துப் பெரியம்மா கையில் கொடுத்தாராம்.

இங்கே வீட்டில் நடந்தது வேறு. ஏழாம் தேதி சனிக்கிழமைத் தாளைக் கிழித்ததும் நேராகப் பதினைந்தாம் தேதி ஞாயிறு வந்து நின்றது. ஒன்றோ இரண்டோ தாள் காணாமல் போயிருந்தால் கிழமை உதைத்திருக்கும், அப்பா கண்டுபிடித்திருப்பார். சரியாக ஒரு வாரம் காணாமல் போனதால் கிழமை அச்சாகப் பொருந்திவிட்டது. செவ்வாய்க்கிழமை கார்த்திகை விரதம் என்று போட்டிருந்ததால், வாங்கி வந்த கெம்போங் மீனை அம்மா ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு ரசம் வைத்தார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பத்தாம் தேதி, வீட்டில் பதினேழாம் தேதி. அது பள்ளிக்கூடத்துக் கணக்கு, இது சாமிக் கணக்கு என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை. நாள்காட்டியில் பதினெட்டு. அப்பா லோரி முதலாளி தவுக்கேயிடம் கெஞ்சி லீவு வாங்கியிருந்தார், அம்மா கையுறைத் தொழிற்சாலையில் லீவு போட்டிருந்தார். இருவரும் பெரியம்மாவுக்கு ஒரு புதுச் சேலையையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் நான் பள்ளிவிட்டு வந்தபோது பெரியம்மா வந்திருக்கவில்லை. அம்மா மட்டும் கண்ணைத் துடைப்பதும் சிரிப்பதுமாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போயி நின்னா, மிஸி கார்டப் பாத்துட்டு, அடுத்த வாரம்தானே லா அக்கா, இன்னைக்கு என்னாத்துக்கு வந்தீங்கன்னு கேக்குது. இவரு விடுவாரா? எங்க வீட்டுக் கலண்டர்ல பதினெட்டுன்னு சண்ட புடிக்கிறாரு. அப்ப கட்டில்லேருந்து அக்கா சொல்லுது, 'பொதங்கெழம, பதினொண்ணு. யாரு கலண்டர கிழிச்சது?' எத்தன மாசம் ஆச்சு அந்தக் கொரலக் கேட்டு!"

பக்கத்துக் கட்டிலில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் திரும்பிப் பார்த்தாராம். கையில் என்ன என்று கேட்டிருக்கிறார். பெரியம்மா தாளைத் திருப்பி, எழுத்துக்கூட்டி, வார்டு முழுக்கக் கேட்கும்படி படித்தாராம்.

'இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அம்மா சாம்பார் வைத்தார். உப்பு பத்தவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். உங்கள் தலையணையை நான் வெயிலில் காயப்போட்டேன்.'

படித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "உப்பு பத்தலன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் டாக்டரிடம், "நா எப்ப வீட்டுக்குப் போவேன்?" என்று கேட்டாராம். அங்கே போன நாளிலிருந்து அதை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மிஸி மொழிபெயர்த்துச் சொல்ல, டாக்டர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டாராம்.

அம்மா சொல்லி முடித்ததும் உள்ளே அப்பா நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஏழாம் தேதிக்கும் பதினைந்துக்கும் நடுவே கிழிந்த அடிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழு. என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையில் கையை வைத்து, "போ, போயி மூஞ்சக் கழுவு" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியம்மாவுக்குத் தேதி சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் ஒரு மனத்தாங்கலும் இருந்தது. மலைப்பாம்பு இருக்க, தலைமையாசிரியர் இருக்க, போயும் போயும் அந்தத் தாளையா டாக்டர் முன்னால் படிக்க வேண்டும்? எனக்கு எழுதவே தெரியாது என்றல்லவா அவர் நினைத்திருப்பார்.

அடுத்த புதன்கிழமை, உண்மையான பதினெட்டாம் தேதி, பெரியம்மா அந்தப் புதுச் சேலையில் அப்பாவின் லோரியிலிருந்து இறங்கினார். மெலிந்திருந்தார். ஆனாலும் என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாம்பு சேதி படிச்சீங்களா பெரியம்மா? எவ்ளோ பெருசு தெரியுமா?" என்று கேட்டேன். "படிச்சேன் லா" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்து, தலையணையை எடுத்து முகத்தோடு வைத்து முகர்ந்து பார்த்தார். பிறகு, "நீதானே வெயில்ல போட்டே? மழ வந்தப்ப எடுத்து வச்சியா?" என்று கேட்டார்.

அவ்வளவு பெரிய பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம், பெரியம்மாவுக்கு இன்னும் முழுசாகக் குணமாகவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.