“எது ஓகேங்க?” என்று கேட்ட சகுந்தலாமணி

வியாழக்கிழமை காலை சாயப் பிரிவில் துணி நனைந்துகொண்டிருந்தபோது சகுந்தலாமணி அம்மையாரின் மகன் அழைத்தார். “அம்மா போயிட்டாங்கண்ணா” என்றார். அம்மையார் சிறுநீரக நோயோடு நெடுநாள் போராடியவர். எதிர்பார்த்திருந்த செய்திதான்.

நல்லூரில் உள்ள எங்கள் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஒப்பந்தப் பிரிவைக் கவனித்தவர் அவர். நான் சாயப் பிரிவுப் பொறுப்பாளன். அவர் வந்த புதிதில், வெளிநாட்டு ஆர்டருக்கான ஒப்பந்தம் மேசை மேசையாக நகரும். முந்தையவர் கையெழுத்திட்டிருக்கிறார் என்ற தைரியத்தில் அடுத்தவர் படிக்காமலே போடுவார். கடைசியில் அது முதலாளியின் மேசையில் போய்த் தங்கும்.

ஒருமுறை முதலாளி வெளியூரில் இருந்தபோது குழந்தைகள் உடுப்புக்கான பெரிய ஆர்டர் அப்படித் தங்கியது. வாங்குபவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வேலையில்லாமல் ஒரு தையல் லைன், அதாவது ஒரு வரிசைத் தையல் இயந்திரங்கள், மூடப்பட்டது. தென்மாவட்டங்களிலிருந்து வந்த சில குடும்பங்கள் ஊர் திரும்பின. அம்மையார் பேருந்து நிலையம் வரை சென்று அவர்களை வழியனுப்பிவிட்டு, நேராக முதலாளியின் அறைக்கு வந்தார். நானும் அங்கிருந்தேன்.

“நீங்க ஊர்ல இல்லீன்னா யாரு கையெழுத்துப் போடறதுன்னு சொல்லிருங்க. யாருமில்லீன்னா அந்த ஆர்டர நாம கேக்கவே வேண்டாமுங்க.”

“எல்லாத்தையும் நான் பாத்துத்தானம்மா போடோணும்?”

“பாக்கறீங்களாங்க?”

மறுநாள் முதலாளியே அம்மையாரை அழைத்து, “என்ன பண்ணலாம்னு சொல்லுங்க” என்றார்.

அம்மையார் சொன்ன ஏற்பாடு இதுதான்: பழைய வாடிக்கையாளர், பழைய நிபந்தனை என்றால் அம்மையாரும் உற்பத்தி மேலாளருமே ஒப்புதல் தரலாம். நிபந்தனை புதிதென்றால், ஒப்பந்தம் வந்த அன்றே எல்லாப் பிரிவினரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இது வீண் வேலையாகத் தெரிந்தது.

முதல் கூட்டத்தில் தையல் பொறுப்பாளர் இசக்கிமுத்து, “ஓகேதான் மேடம்” என்று எழுந்தார்.

“உக்காருங்க. எது ஓகேங்க? இந்தத் தேதிக்குள்ள தெச்சுக் குடுக்க முடியுமுங்களா?”

தென்காசிக்காரரான இசக்கிமுத்து முதலாளியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “தீபாவளிக்கு எங்க ஆளுவ எல்லாரும் ஊருக்குப் போயிருவாவ மேடம். அந்தத் தேதிக்கு முடியாது.”

முதலாளியின் முகம் இறுகியது. மூடிய லைனைத் திறக்க அந்த ஆர்டரைத்தான் நம்பியிருந்தோம். அம்மையார் அங்கேயே வாங்குபவர்களை அழைத்து, காரணத்தைச் சொல்லி, கப்பலேற்றும் தேதியைத் தள்ளித் தரக் கேட்டார். யோசித்துச் சொல்வதாக அவர்கள் சொன்னார்கள். ஆர்டர் கைவிட்டுப் போனால் பழி முழுவதும் அம்மையார்மேல்தான் விழும்.

பதில் வந்ததும் சிரித்துக்கொண்டே சாயப் பிரிவுக்கு வந்தார். “தேதி குடுத்துட்டாங்க. முடியாதுன்னு மொதல்லயே சொன்ன கம்பெனி நாம மட்டுந்தானாமுங்க!”

லைன் மீண்டும் ஓடியது. ஊர் போயிருந்தவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அதன்பிறகு கூட்டத்தில் முடியாது என்று சொல்ல யாரும் தயங்கவில்லை. ஆம் என்று சொன்னதற்கும் மதிப்பு வந்தது.

நோய் முற்றி அம்மையார் வேலையை விட்டபின் அனுப்பர்பாளையத்தில் உள்ள அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். “கூட்டம் நடக்குதுங்களா?” என்று கேட்டார். நடக்கிறது என்றேன். “நானில்லாமயுமா?” என்றார். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பச் செரி. காபி குடிங்க” என்றார்.

இறுதிச் சடங்கு நாளில் முதலாளி சென்னையில் இருந்தார். எந்த லைனை எப்போது நிறுத்துவது, யார் எந்த வேனில் போவது என்று பிரிவுப் பொறுப்பாளர்களே பேசி முடித்துவிட்டார்கள். விஷயத்தைத் தொலைபேசியில் கேட்ட முதலாளி, “இதுக்கு என்னையக் கேக்கோணுமா? போங்க, நானும் வந்துட்டிருக்கேன்” என்றார். அதற்குள் முதல் வேன் புறப்பட்டிருந்தது. சேலையில் ஒட்டிய நூல் பிசிறுகளோடு தையல் பிரிவுப் பெண்கள் அவர் வீட்டு வாசலில் இறங்கி வரிசையாக நின்று, ஒவ்வொருவராக அம்மையாரின் காலடியில் பூ வைத்தார்கள்.

நிம்மதியாக உறங்குங்கள், மேடம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.